கஞ்சாச் செடியின் சேர்மங்கள் வைரஸ் தொற்றைத் தடுக்குமா?

உங்கள் கேள்வி சுருக்கமாகத்தான் இருக்கிறது: "கஞ்சாவில் இருக்கும் சிபிடி கொரோனா வைரஸைத் தடுக்கிறது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். தினமும் சில சொட்டு சிபிடி எண்ணெய் எடுத்துக்கொண்டால் கொரோனா, ஃப்ளூ மாதிரியான தொற்றுகள் வராமல் இருக்குமா? இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் என் அப்பாவுக்கும் கொடுக்கலாமா?" ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தச் சேர்மங்களுக்கு வைரஸைத் தடுக்கும் தன்மை இருக்கிறதா என்பது ஒன்று. கடையில் கிடைக்கும் எண்ணெய்ச் சொட்டுக்கு அந்தத் தன்மை உண்டா என்பது இன்னொன்று. அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்பது மூன்றாவது. முதலாவதற்குப் பதில்: ஆய்வகத் தட்டில் வளரும் செல்களில் ஆமாம், சில சேர்மங்களுக்கு இருக்கிறது. இரண்டாவதற்கு: இதுவரை வந்திருக்கும் எதை வைத்தும் அப்படிச் சொல்ல முடியாது. மூன்றாவதற்கு: கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நான் மருந்தியல் படித்தவன். வைரஸ் எதிர்ப்புச் சேர்மங்களைச் சலித்துத் தேடும் ஆய்வகங்களில் பல வருடம் வேலை பார்த்தேன். நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் அல்ல. அதனால் தட்டு, செல், எலி, மருந்தளவு இவற்றைப் பற்றிச் சொல்வதை நம்பிக் கேட்கலாம். உங்கள் அப்பாவின் உடல்நிலை பற்றி அவருடைய மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். செய்திகளில் "கஞ்சா கொரோனாவைத் தடுக்கிறது" என்று வரும்போது, கஞ்சா என்பது ஏதோ ஒரே பொருள் போலத் தோன்றுகிறது. அந்தச் செடியில் கன்னாபினாய்டுகள் என்ற சேர்மங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. போதை தருவது டிஎச்சி. அதைத் தனியாகப் பிரித்து அமைப்பைச் சொன்னவர்கள் இஸ்ரேலின் மெக்கூலமும் காவோனியும், 1964-இல். சிபிடி போதை தராது. இரண்டின் மூலக்கூறு வாய்பாடும் ஒன்றேதான், அணுக்கள் இணைந்திருக்கும் விதத்தில்தான் வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசம் உடம்பில் பெரிய வித்தியாசமாகிவிடுகிறது. டிஎச்சி, மூளையில் நிறைந்திருக்கும் சிபி1 ஏற்பியிலும் (ஏற்பி என்பது செல்லில் சேர்மம் வந்து ஒட்டும் புரதம்) நோயெதிர்ப்பு செல்களில் இருக்கும் சிபி2 ஏற்பியிலும் போய் உட்காருகிறது. சிபிடிக்கு அந்த இரண்டிலும் பிடிப்பு மிகக் குறைவு, அது வேறு வழிகளில் வேலை செய்கிறது. அப்புறம், பச்சைச் செடியில் இருப்பது பெரும்பாலும் சிபிடியோ டிஎச்சியோ கிடையாது. அவற்றின் அமில வடிவங்கள்தான் இருக்கும்: சிபிடிஏ, டிஎச்சிஏ, இவற்றுக்கெல்லாம் தாய் போன்ற சிபிஜிஏ. சூடு பட்டால் இந்த அமிலங்கள் ஒரு கார்பன்-டை-ஆக்சைடு மூலக்கூறை உதிர்த்துவிட்டு சிபிடியாகவும் டிஎச்சியாகவும் மாறிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

நீங்கள் கேள்விப்பட்டது 2022 ஜனவரியில் அடுத்தடுத்து வந்த இரண்டு ஆய்வுகளைத்தான் என்று நினைக்கிறேன். முதலாவது, ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வான் ப்ரீமன் குழு செய்தது. வைரஸின் மேலே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தில் எந்தெந்தத் தாவரச் சேர்மம் ஒட்டிக்கொள்கிறது என்று அவர்கள் தேடினார்கள். நன்றாக ஒட்டியவை சிபிடிஏ, சிபிஜிஏ என்ற அமில வடிவங்கள். அந்த முள்தான் நம் செல்லின் கதவைத் திறக்கும் சாவி. சாவியின் பல்லில் பிசின் ஒட்டினால் பூட்டுக்குள் நுழையாது, அதுதான் இங்கே தத்துவம். உயிருள்ள வைரஸை வைத்தும் சோதித்தார்கள், செல்லுக்குள் நுழைவது தடைப்பட்டது. ஆல்ஃபா, பீட்டா திரிபுகளிலும் அதே பலன். ஆனால் அதற்குத் தேவைப்பட்ட அளவு பத்துக்கணக்கான மைக்ரோமோலார் (கரைசலில் ஒரு சேர்மம் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதை அளக்கும் அலகு).

இரண்டாவது, சிகாகோ பல்கலைக்கழகத்தில் மார்ஷா ராஸ்னர் குழுவின் ஆய்வு. இங்கே கதாநாயகன் சிபிடி. அது வைரஸை வாசலில் தடுக்கவில்லை. உள்ளே நுழைந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும் கட்டத்தில் அதை முடக்கியது. செல்லுக்குள் ஒரு வகை நெருக்கடி நிலையைத் தூண்டி, இன்டர்ஃபெரான் என்ற நம் உடம்பின் சொந்த வைரஸ் எதிர்ப்பு ஏற்பாட்டை முடுக்கிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். தேவைப்பட்ட அளவு 1 மைக்ரோமோலார் பக்கம், அதாவது ஓரிகான் ஆய்வைவிட மிகக் குறைவு. எலிகளுக்கு ஒரு வாரம் முன்கூட்டியே சிபிடி ஊசி போட்டுவிட்டு வைரஸைக் கொடுத்தபோது, நுரையீரலிலும் மூக்கிலும் வைரஸ் குறைந்தது. ஒழுங்காகச் செய்த வேலை, அதில் சந்தேகமில்லை.

இந்த இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரிகான் ஆய்வில் ஸ்பைக் புரதத்தில் ஒட்டாமல் போன சேர்மங்களில் சிபிடியும் ஒன்று. சிகாகோ ஆய்வில், சிபிடி வேலை செய்த குறைந்த அளவில் சிபிடிஏ அதற்கு நிகராக நிற்கவில்லை. ஒருவருடைய கதாநாயகன் மற்றவருடைய படத்தில் துணை நடிகர்கூட இல்லை. இது முரண்பாடு என்று சொல்லமாட்டேன். வழிமுறை வேறு, அளவு வேறு. ஆனால் செய்தியில் இரண்டும் சேர்ந்து "கஞ்சா வைரஸைத் தடுக்கிறது" என்று ஒரே வரியாகிவிட்டன. சிகாகோ ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அது செய்திகளில் கிட்டத்தட்ட காணாமலே போனது. டிஎச்சி தனியாக வைரஸைத் தடுக்கவில்லை, அது மட்டுமில்லை, சிபிடியோடு சேர்ந்தபோது சிபிடியின் பலனையும் கெடுத்தது. செடியை முழுசாக எடுத்துக்கொள்கிறவருக்கு இரண்டும் சேர்ந்தேதான் உள்ளே போகும். புகைப்பவருக்கு இன்னும் ஒரு படி மேலே: நெருப்பு வைத்ததும் ஓரிகான் ஆய்வின் அமிலங்கள் உருமாறிவிடும், முள்ளில் ஒட்ட எதுவும் மிஞ்சாது.

சரி, இப்போது தட்டைப் பற்றி. நான் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு செடிச் சாற்றைச் சோதித்தேன். 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு, ஒவ்வொரு குழியும் ஒரு பயறு அளவு. அடியில் செல்கள் ஒரே அடுக்காகப் படிந்திருக்கும். வைரஸையும் சாற்றையும் விட்டு, சில நாள் வைத்திருந்துவிட்டு அளந்து பார்ப்போம். சாறு அதிகமாக இருந்த வரிசையில் வைரஸ் சுத்தமாக இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, ஓடிப்போய் மேலதிகாரியைக் கூட்டிவந்தேன். அவர் தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தார், ஐந்து விநாடி பார்த்தார், என்னைப் பார்க்கச் சொன்னார். செல்கள் உருண்டு, சுருங்கி, தரையை விட்டுப் பிரிந்து மிதந்துகொண்டிருந்தன. செத்துப்போன செல்லில் வைரஸ் எப்படி வளரும்? "வீட்டைக் கொளுத்திவிட்டு எலி இல்லை என்று கணக்குக் காட்டுகிறாயா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது, வைரஸைக் கொல்லும் அளவுக்கும் செல்லைக் கொல்லும் அளவுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைத்தான். சிகாகோ குழு இதைச் சரிபார்த்திருக்கிறது, அந்த விதத்தில் என் பழைய தட்டைவிட அவர்கள் வேலை ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கன்னாபினாய்டுகள் எண்ணெய்ப் பசையுள்ள சேர்மங்கள். செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்துகொள்ளும், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பத்துக்கணக்கான மைக்ரோமோலார் அளவில் இப்படிப்பட்ட சேர்மம் எதைத் தொட்டாலும் அங்கே கொஞ்சம் குழப்பம் இருக்கும், அளவு ஏற ஏற எனக்கு நம்பிக்கை இறங்கும்.

இந்தத் துறையில் தட்டு எத்தனை முறை ஏமாற்றியிருக்கிறது என்பதற்குக் கொரோனா காலமே சாட்சி. ஹைட்ராக்சிக்ளோரோகுயின் நினைவிருக்கும். வெரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல்களில் வைரஸை அருமையாக நிறுத்தியது. மனித நுரையீரல் செல்களில் அதன் நெருங்கிய உறவான க்ளோரோகுயினை வைத்துச் செய்து பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் வைரஸ் அங்கே நுழைகிற வழியே வேறு. ஐவர்மெக்டின் தட்டில் வேலை செய்த அளவை இரத்தத்தில் எட்டவேண்டும் என்றால் பாதுகாப்பான மருந்தளவைப்போலப் பல மடங்கு விழுங்கவேண்டும். 2021-இல் இன்னொரு ஆய்வு வந்தது, சயின்ஸ் இதழில். கொரோனாவுக்கு மறுபயன்பாடு செய்யலாம் என்று தட்டில் தேறிய பழைய மருந்துகளில் பல, செல்லுக்குள் ஒருவகைக் கொழுப்பைத் தேங்கவைத்து, அந்தக் கோளாறின் பக்கவிளைவாகத்தான் வைரஸை நிறுத்தின என்று காட்டினார்கள். அதாவது அந்த மருந்துகளுக்கு வைரஸோடு எந்தப் பகையும் இல்லை. சிபிடியும் அந்தப் பட்டியலில் சேரும் என்று நான் சொல்லவரவில்லை. தட்டில் தேறுவது நுழைவுத் தேர்வு மாதிரி, எழுதியவர்களில் பெரும்பாலோர் அதற்கு அடுத்த கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள்.

அடுத்த கட்டம் மருந்தளவு. இங்கேதான் உங்கள் "சில சொட்டு" மாட்டிக்கொள்கிறது. சிபிடியை வாய்வழி விழுங்கினால் நூறில் ஆறு பங்கு அளவுதான் இரத்தத்தை எட்டும், மீதியைப் பெரும்பாலும் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். வெறும் வயிற்றில் 1500 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்தில் உச்சமாகத் தெரிந்தது ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 300 நானோகிராம். அது ஏறத்தாழ 1 மைக்ரோமோலார், அதாவது சிகாகோ தட்டில் வைரஸைப் பாதியாகக் குறைத்த அளவு. கொழுப்பான சாப்பாட்டோடு எடுத்தால் நாலைந்து மடங்கு கூடும், அது உண்மை. ஆனால் இரத்தத்தில் இருக்கும் சிபிடியில் 94 சதவீதத்துக்கும் மேல் புரதங்களில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வைரஸுக்கு எதிராக வேலை செய்யத் தனியாகத் திரிவது அந்த மிச்சம் மட்டுமே. கடையில் வாங்கும் எண்ணெயில் ஒருவர் தினமும் எடுப்பது 10, 20 மில்லிகிராம் இருக்கும். 1500-இல் 20 என்பது 75-இல் ஒரு பங்கு. யானைப் பசிக்குச் சோளப்பொரி. கணக்கு நேர்விகிதத்தில் போகாது, கூடக்குறைய வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்படியும் இடைவெளி அடையாது. எலி ஆய்வில் ஒரு கிலோ எடைக்கு 20, 80 மில்லிகிராம் ஊசியாகப் போட்டார்கள். எலியின் உடம்பு மருந்தை வேகமாக எரித்துவிடும் என்பதால் அதை அப்படியே மனித எடையால் பெருக்கக்கூடாது. அதே சமயம் ஊசியாகப் போடுவது வாய்வழி விழுங்குவதற்கு அப்படியே சமம் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.

மனிதர்களில் நடந்தது என்ன? பிரேசிலில் ஒரு முறையான சோதனை நடந்தது. லேசான, நடுத்தரக் கொரோனா இருந்த 105 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு தினமும் 300 மில்லிகிராம் சிபிடியும் மறு பாதிக்கு மருந்தே இல்லாத போலி மருந்தும் 14 நாள் கொடுத்தார்கள். யார் எதை எடுக்கிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. நோய் முற்றுவதிலோ அறிகுறிகள் நீடிப்பதிலோ வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இதை வைத்து "சிபிடி தோற்றுவிட்டது" என்று முடிச்சுப் போட்டுவிட முடியாது, நியாயமாகப் பேசவேண்டும். 105 பேர் என்பது சின்னக் கூட்டம். அவர்களுக்கு ஏற்கனவே தொற்று வந்துவிட்டது, நீங்கள் கேட்பதோ வருமுன் காப்பதை. அளவும் 300 மில்லிகிராம்தான். ஆனாலும் மனிதர்களில், ஒழுங்கான முறையில், நேரடியாகக் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. தட்டையும் எலியையும் விட அதற்கு எடை அதிகம்.

வருமுன் காப்பதற்குப் பக்கத்தில் வரும் தகவல் ஒன்று சிகாகோ ஆய்விலேயே இருக்கிறது. கடுமையான வலிப்பு நோய்க்குச் சிபிடி மருந்தாகவே கொடுக்கப்படுகிறது. எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்படி ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள சிபிடி திரவத்தை எடுத்துவந்த 1,212 நோயாளிகளின் பதிவுகளை, அவர்களைப் போலவே இருந்த, ஆனால் சிபிடி எடுக்காத அதே எண்ணிக்கை ஆட்களோடு ஒப்பிட்டார்கள். கொரோனா உறுதியானது முதல் கூட்டத்தில் 6.2 சதவீதம், இரண்டாவதில் 8.9 சதவீதம். நான் இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் உண்மையாகவே ஆர்வத்தைக் கிளப்பும் எண் இதுதான். ஆனால் இது பழைய பதிவுகளைப் புரட்டி எடுத்தது, யாரையும் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கடும் வலிப்புள்ளவர்கள், பலர் குழந்தைகள். அப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில், கொள்ளைநோய்க் காலத்தில் யாரையும் வாசற்படி ஏறவிட்டிருக்கமாட்டார்கள். அந்த ஜாக்கிரதை எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று பதிவேடு பிரித்துச் சொல்லாது. இந்தக் காரணத்தால்தான் அந்த ஆய்வாளர்களே அடுத்து முறையான மனிதச் சோதனை வேண்டும் என்றார்கள். அவர்கள் பேசியது தூய்மையான, அளவு தெரிந்த, மருந்துத்தரச் சிபிடியைப் பற்றி.

மற்ற வைரஸ்களையும் கேட்டிருந்தீர்கள். ஃப்ளூ விஷயத்தில் சிபிடி பற்றிச் சொல்லும்படி என் கையில் ஒன்றுமில்லை, டிஎச்சி பற்றி இருப்பது உங்கள் ஆசைக்கு எதிர்த்திசையில் போகிறது. எலிகளுக்கு அதிக அளவு டிஎச்சி கொடுத்துவிட்டு இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸைக் கொடுத்தபோது, நுரையீரலில் வைரஸ் கூடியது. வைரஸை விரட்ட வரவேண்டிய டி செல்களும் மேக்ரோபேஜ்களும் குறைவாகவே வந்து சேர்ந்தன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிபி2 ஏற்பி நோயெதிர்ப்பு செல்களில் இருக்கிறது, அதைத் தட்டினால் அவை கொஞ்சம் அடங்கிப்போகும். ஹெர்பீஸ் குடும்பத்தில் கதை இன்னும் சிக்கல். கபோசி சார்கோமா என்ற புற்றுக்கட்டியோடு தொடர்புள்ள ஹெர்பீஸ் வைரஸ், டிஎச்சி இருந்தால் பெருகுவது குறைகிறது என்று 2004-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2007-இல் இன்னொரு குழு, வேறு வகைச் செல்லில், குறைந்த அளவு டிஎச்சியைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, தொற்று கூடுகிறது என்றது. வைரஸ் அதே, சேர்மமும் அதே, பலன் தலைகீழ்.

எச்ஐவியில்தான் மனிதர்களிடம் செய்த நல்ல சோதனை ஒன்று இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்ராம்ஸ் குழு, எச்ஐவி உள்ள 67 பேரை மூன்றாகப் பிரித்து, கஞ்சா புகை, வாய்வழி டிஎச்சி, போலி மருந்து என்று 21 நாள் கொடுத்தது. முடிவு 2003-இல் வெளிவந்தது. இரத்தத்தில் வைரஸ் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. வைரஸிலிருந்து பாதுகாக்குமா என்று அவர்கள் தேடவில்லை. கெடுதல் வருமா என்பதே கேள்வி, அந்தக் குறுகிய காலத்தில் வரவில்லை. குரங்குகளுக்கு வரும் எஸ்ஐவியில், 2011-இல் வெளிவந்த ஆய்வில் டிஎச்சி கொடுத்த ஆண் குரங்குகள் அதிக நாள் உயிரோடு இருந்தன, வைரஸும் குறைந்தது. உடனே பெரிய நம்பிக்கை எழுந்தது. பிறகு பெண் குரங்குகளில் செய்தபோது அந்தப் பாதுகாப்பு தென்படவில்லை.

கஞ்சா பயன்படுத்துகிறவர்களைக் கொரோனா காலத்தில் கவனித்த ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. கலிஃபோர்னியாவில் மருத்துவமனையில் சேர்ந்த 1,831 பேரின் பதிவைப் பார்த்ததில், கஞ்சா எடுப்பதாகச் சொன்னவர்களுக்கு நோய் லேசாக இருந்தது. அது எல்லா இடத்திலும் பரவியது. ஆனால் அப்படிச் சொன்னவர்கள் மொத்தம் 69 பேர், சராசரியில் மற்றவர்களைவிட இளையவர்கள். 2024-இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வில் 72,501 நோயாளிகள். அதில் கஞ்சா எடுத்தவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 80 சதவீதமும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு 27 சதவீதமும் அதிகம் என்று வந்தது. இதுவும் தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் பெரிய ஆய்வின் பக்கம் சாய்வேன், ஆனால் அடித்துச் சொல்லமாட்டேன். இரண்டிலும் "கஞ்சா எடுப்பவர்" என்றால் எதை, எவ்வளவு, எப்படி எடுத்தார் என்பது தெரியாத ஒரு மூட்டைதான்.

"அழற்சியைக் குறைக்கிறதே, அதனால் நல்லதுதானே?" என்ற வாதமும் அடிக்கடி வரும். கன்னாபினாய்டுகள் அழற்சியைக் குறைக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. ஆனால் நேரம் முக்கியம். கொரோனாவில் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெதசோன் என்ன செய்தது என்று பாருங்கள்: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. நோயெதிர்ப்பு வெறிபிடித்து ஆடும் கட்டத்தில் அதை அடக்குவது மருந்து. வைரஸ் இப்போதுதான் உள்ளே நுழைகிறது என்ற கட்டத்தில் காவல்காரனைத் தூங்கவைப்பது வேறு விஷயம். நீங்கள் கேட்பது அந்த இரண்டாவது கட்டத்தைப் பற்றி.

புகைத்தால் பலன் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாராவது நினைக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. எந்தப் புகையும் மூச்சுக்குழாயின் உட்பூச்சைக் கெடுக்கும். அந்த உட்பூச்சுதான் சுவாச வைரஸுக்கு முதல் தடை. காய்ந்த செடியில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருக்கலாம், நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு அது நுரையீரலில் உயிராபத்தான தொற்றாகும். 2019-20-இல் அமெரிக்காவில் வேப் (மின்-சிகரெட்) பிடித்தவர்களுக்கு வந்த நுரையீரல் நோயில் 2,807 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். முக்கியமான குற்றவாளி டிஎச்சி திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்.

இனி எண்ணெய்க்கு வருவோம். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில் மட்டும். 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. சிகாகோ ஆய்வில் சிபிடியின் பலனைக் கெடுத்ததே டிஎச்சிதான் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள். கொரோனாவைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று சொல்லிச் சிபிடி விற்றவர்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கைக் கடிதங்களும் அனுப்பியது. சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு, நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று கேட்டால்: தொற்று வராத சில ஆயிரம் பேர், குலுக்கல் முறை, மருந்துத்தரச் சிபிடி, போலி மருந்து, சில மாதக் கண்காணிப்பு. முடிவில் சிபிடி எடுத்தவர்களில் தொற்று தெளிவாகக் குறைந்திருந்தால், நானே முதல் ஆளாக வந்து இந்தப் பதிலைத் திருத்துவேன். அதிக அளவில் சிபிடி எடுத்தால் இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் (கல்லீரல் பாதிப்பின் அறிகுறி) ஏறுகின்றன என்பது வலிப்பு நோயாளிகளிடம் தெரிந்த விஷயம். ஆரோக்கியமாக இருப்பவருக்கு மாதக்கணக்கில் கொடுக்கவேண்டும் என்றால் அந்தக் கணக்கையும் பார்க்கவேண்டியிருக்கும்.

கடைசியாக உங்கள் அப்பா. வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைச் சிபிடி மந்தப்படுத்துகிறது. அதனால் அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் இரத்தத்தில் வார்ஃபரின் தங்கிக்கொண்டே போகும், ஐஎன்ஆர் (இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் சோதனை எண்) ஏறும். வலிப்புக்காகச் சிபிடி தொடங்கிய ஒரு நோயாளிக்கு வார்ஃபரின் அளவை ஏறத்தாழ 30 சதவீதம் குறைக்கவேண்டி வந்தது என்று மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அது மருத்துவரின் கண்காணிப்பில் இருந்ததால் தெரிந்தது. வீட்டில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தால் ஈறிலோ சிறுநீரிலோ இரத்தம் வந்த பிறகுதான் தெரியும். நீங்கள் ஏற்கனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால் எண்ணெயைப் பற்றி மறைக்காமல் அவருடைய டாக்டரிடம் சொல்லி, நாளைக்கே ஐஎன்ஆர் பார்த்துவிடுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். எண்ணெயை நிறுத்தினால் இரத்தத்தில் வார்ஃபரின் மறுபடி இறங்கும், ஆகவே ஒரு வாரம் பத்து நாள் கழித்து இன்னொரு முறையும் பார்க்கவேண்டியிருக்கும். வார்ஃபரின் அளவை மட்டும் நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள்.